தூசியின் மேல் சுமத்திய பழி

1832-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டித் தீவுகளில் 'பீகிள்' என்னும் கப்பல் நங்கூரமிட்டது. வானம் மங்கலாக இருந்தது. பாய்மர உச்சியில் கட்டியிருந்த காற்றுத் திசைகாட்டியின் வலைத்துணியில் பழுப்பு நிறமான மெல்லிய பொடி படிந்திருந்தது. கப்பலில் இருந்த இளைஞர் சார்லஸ் டார்வின் அப்பொடியைத் திரட்டிப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார். வேறு கப்பலில் விழுந்த தூசியும் பின்னர் அவருக்குக் கிடைத்தது. ஆக ஐந்து சிறு பொட்டலங்களைப் பெர்லின் நகர அறிஞர் எரன்பெர்க்கிற்கு அனுப்பினார். எரன்பெர்க் அவற்றை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து, 67 வகை உயிர் வடிவங்களை இனம் கண்டார். பெரும்பாலானவை நன்னீரில் வாழும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள். சில தாவரத் திசுக்களின் துணுக்குகள்.

பாலைவனத் தூசி வெறும் மண் அன்று, அதில் உயிரின் சுவடுகளும் பயணம் செய்கின்றன என்ற செய்தி இவ்வாறு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னரே வெளிப்பட்டது. அந்தச் செய்தியின் மீது நம் காலத்தில் எழுப்பப்பட்ட ஒரு பெரிய கட்டடத்தைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். "சகாராவின் தூசி ஏந்திவந்த கிருமிகளே கரீபியன் கடலின் பவளப்பாறைகளை அழித்தன" என்பது அக்கட்டடத்தின் பெயர். அறிவியல் நூல்களும் தொலைக்காட்சிப் படங்களும் இதனை முடிந்த முடிபாகச் சொல்லிவருவதுண்டு. அது முடிந்த முடிபுதானா?

கருதுகோள் கூறுவது என்ன?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த யூஜின் ஷின் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் வாதம் இதுதான். கரீபியன் பவளப்பாறைகள் 1970-களின் இறுதியிலிருந்து நலிந்து வருகின்றன. ஆப்பிரிக்காவின் சாகெல் பகுதியில் வறட்சி கடுமையாகி, அட்லாண்டிக்கைக் கடந்துவரும் தூசி பெருகியதும் அதே காலத்தில்தான். 1983-ஆம் ஆண்டில் கரீபியன் முழுவதும் கிளைப் பவளங்களும், 'டயடெமா' என்னும் நீண்ட முட்களையுடைய கடல் முள்ளெலிகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. தூசி உச்சத்தை எட்டியதும் அந்த ஆண்டுகளிலேயே. மேலும், கடல் விசிறி என்னும் மென்பவளத்தைத் தாக்கும் நோய்க்குக் காரணம் 'ஆஸ்பெர்ஜில்லஸ் சிடோவி' என்ற பூஞ்சை. அது நிலத்து மண்ணில் வாழும் இனம். கரீபியன் காற்றிலிருந்து அப்பூஞ்சையைப் பிரித்தெடுத்து, நலமான கடல் விசிறியில் செலுத்தியபோது நோய் தோன்றியது. ஆகவே, தூசியே கிருமிகளைச் சுமந்துவரும் வாகனமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷின் குழுவினர் தூசி ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றுதான் முன்மொழிந்தனர். கை மாறிக் கை மாறிச் சென்றபோது 'இருக்கலாம்' தேய்ந்து 'இருக்கிறது' ஆயிற்று.

இந்தக் கருதுகோள் ஒரு சங்கிலி. அதில் நான்கு கண்ணிகள் உள்ளன. தூசி அவ்வளவு தூரம் வருகிறதா? அதில் உயிர்கள் உயிரோடு வருகின்றனவா? குறிப்பிட்ட அந்தப் பூஞ்சை அங்கிருந்துதான் வந்ததா? வந்ததுதான் அழிவுக்குக் காரணமா? ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

முதல் கண்ணி: பயணம்

இதற்கு இயற்பியல் விடை சொல்லும். காற்றில் விழும் சிறு துகளின் முற்றுத் திசைவேகத்தை ஸ்டோக்ஸ் விதி தருகிறது. அவ்வேகம் துகளின் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் 2 மைக்ரான், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் உள்ள மணல் துகளை எடுத்துக்கொள்வோம். காற்றின் பாகியல் எண்ணை இட்டுக் கணக்கிட்டால், அது நொடிக்கு 0.32 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு நாளைக்கு 28 மீட்டர்! 20 மைக்ரான் துகளோ நூறு மடங்கு வேகமாக, நாளொன்றுக்கு 2.8 கிலோமீட்டர் இறங்கிவிடும்.

செனகல் கரையிலிருந்து பார்படோஸ் தீவு ஏறத்தாழ 4,500 கி.மீ. தொலைவில் உள்ளது. நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்று அதனைக் கடக்க ஐந்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். கோடையில் சகாராவின் வெப்பக் காற்று தூசியை நான்கு, ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. அந்த உயரத்தில் புறப்பட்ட 2 மைக்ரான் துகள், மழையில் கழுவப்படாவிட்டால், பார்படோஸை அடையும்போது 150 மீட்டர் கூட இறங்கியிருக்காது.

பூஞ்சைச் சிதலின் நிலை என்ன? அதன் விட்டம் ஏறத்தாழ 3 மைக்ரான். அடர்த்தி நீரினுடையதை ஒட்டியது. கணக்கிட்டால் நொடிக்கு 0.27 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது, மணல் துகளும் பூஞ்சைச் சிதலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கும் தோழர்கள். ஒன்று வரும் இடத்துக்கு மற்றதும் வரலாம்.

கணக்கை மிஞ்சும் செய்திகளும் உண்டு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 2,400 கி.மீ., 3,500 கி.மீ. தொலைவுகளில் நடுக்கடலில் வைத்த பொறிகளில் 450 மைக்ரான் வரை பெரிய துகள்கள் சிக்கின என்று 2018-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. நம் எளிய கணக்குப்படி அவை முதல் நாளிலேயே விழுந்திருக்க வேண்டும். புயல் மேகங்களின் மேலெழு காற்றும் துகள்களின் மின்னூட்டமும் அவற்றைத் தாங்கியிருக்கலாம் என்று கருதுகின்றனர். செயற்கைக் கோளின் லேசர்க் கருவி 2007 முதல் 2013 வரை அளந்ததன்படி, ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவை விட்டு மேற்கே செல்கிறது, அதில் 2.8 கோடி டன் அமேசான் வடிநிலத்தில் விழுகிறது. முதல் கண்ணி உறுதியானது.

இரண்டாம் கண்ணி: உயிர்

பயணம் செய்வது ஒன்று. உயிரோடு போய்ச் சேர்வது மற்றொன்று. மேல் வளிமண்டலத்தில் குளிரும் வறட்சியும் புற ஊதாக் கதிர்களும் உயிர்களை வாட்டும். ஆயினும் சிதல்கள் வறட்சியைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. கனிமத் துகளின் பிளவுகளில் ஒட்டிய பாக்டீரியாவுக்கு அத்துகளே குடையாகிறது. அடர்ந்த தூசிப்படலம் கதிர்களைத் தானே மறைக்கிறது.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. ஜோசப் பிராஸ்பெரோ என்ற அறிஞர் 1965 முதல் பார்படோஸில் தூசியை அளந்து வரும் பணியைத் தொடங்கியவர். அவரும் துணையாளர்களும் 1996-97-இல் அங்கு வடிதாள்களில் பிடித்த காற்றை வளர்ப்பு ஊடகத்தில் இட்டனர். ஆப்பிரிக்கத் தூசி வந்த நாட்களில் பாக்டீரியாவும் பூஞ்சைகளும் வளர்ந்தன. தூசி இல்லாத கடற்காற்றில் அவை வளரவில்லை. ஒப்பிடுவதற்குத் தூசியற்ற நாட்களையும் சேர்த்துக்கொண்டதே இச்சோதனையின் சிறப்பு.

டார்வினின் பொட்டலங்களும் இங்கே சாட்சிக்கு வருகின்றன. பெர்லினில் எரன்பெர்க்கின் சேகரிப்பில் இருந்த அத்தூசியை இக்கால ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதிலிருந்து பாக்டீரியாவையும் பூஞ்சைகளையும் வளர்க்க முடிந்தது. இரண்டாம் கண்ணியும் தாங்குகிறது.

மூன்றாம் கண்ணி: முகவரி

இங்கேதான் சங்கிலி ஆடத் தொடங்குகிறது. "ஆப்பிரிக்காவிலிருந்து உயிருள்ள பூஞ்சைகள் வருகின்றன" என்பது ஒரு கூற்று. "கடல் விசிறியைக் கொல்லும் இந்தப் பூஞ்சை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது" என்பது வேறொரு கூற்று. முதலாவதற்கு உரிய சான்றைக் காட்டி இரண்டாவதை ஏற்கச் சொல்வது, "சென்னையிலிருந்து தினமும் இரயில் வருகிறது, ஆகவே நம் வீட்டில் திருடியவன் சென்னைக்காரன்" என்பதைப் போன்றது.

கடல் விசிறியில் நோய் உண்டாக்கிய சோதனையில் பயன்பட்ட பூஞ்சை, வர்ஜின் தீவுகளின் காற்றிலிருந்து, தூசி வந்த நாளில் பிடிக்கப்பட்டது. அது அத்தூசியோடு வந்ததா, அத்தீவின் மண்ணிலிருந்தே எழுந்ததா? தீவுக்காற்றை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. புறப்பட்ட இடத்திலும் தேட வேண்டும். கிரிஸ்டல் ரைபியன் என்னும் ஆய்வாளர் ஆப்பிரிக்கப் பகுதியின் வண்டல், தூசி மாதிரிகளை எடுத்து அவற்றில் வளர்ந்த பூஞ்சைகளை ஆராய்ந்தார். பல பூஞ்சைகள் வளர்ந்தன; தேடிய பூஞ்சை மட்டும் கிடைக்கவில்லை. 2008-இல் அவர் வெளியிட்ட முடிவு: ஆப்பிரிக்கத் தூசி இதற்கு மூலமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதே ஆண்டில் அவரும் துணையாளர்களும் உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற இவ்வகைப் பூஞ்சைகளின் மரபணுக்களை ஒப்பிட்டனர். எல்லாம் ஒரே கலவையாக இருந்தன. ஊருக்கு ஒரு முத்திரை என்று பிரிக்க முடியவில்லை. எங்கும் பரவிய ஓர் உயிருக்கு ஒரே பிறந்தகம் காட்டுவது எளிதன்று. போர்ட்டோ ரிக்கோவில் நடந்த இன்னோர் ஆய்வு, நோயற்ற கடல் விசிறிகளிலும் இப்பூஞ்சை இருப்பதைக் காட்டியது. அது எப்போதும் நோய்க்கிருமிதானா என்ற ஐயமும் எழுந்தது.

நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'கிடைக்கவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிடாது. எரன்பெர்க்கின் கதையே இதற்குப் பாடம். தமக்குத் தெரிந்த ஆப்பிரிக்காவுக்கே உரிய நுண்ணுயிர்களுள் ஒன்றும் டார்வினின் தூசியில் இல்லை என்றும், தென் அமெரிக்காவில் மட்டுமே தாம் அறிந்த இரண்டு இனங்கள் அதில் உள்ளன என்றும் அவர் கண்டார். உயிரினப் பட்டியலை மட்டும் நம்பினால் தூசி மேற்கிலிருந்து வந்தது என்றே சொல்லத் தோன்றும். டார்வினோ காற்றின் திசையையும், ஹர்மட்டான் காற்று வீசும் மாதங்களையும் கணக்கிட்டு, "ஆப்பிரிக்காவே" என்று உறுதியாகச் சொன்னார். 2007-ஆம் ஆண்டு ஆய்வு டார்வின் பக்கமே தீர்ப்பளித்தது. எரன்பெர்க்கின் கண் பிழை செய்யவில்லை. அக்காலத்தில் ஆப்பிரிக்காவைப் பற்றி அறிந்தது குறைவு. அதுபோல நாளை வேறோர் ஆப்பிரிக்க மாதிரியில் அந்தப் பூஞ்சை கிடைக்கலாம். ஆனால் மெய்ப்பிக்கும் கடமை கூற்றை முன்வைத்தவருக்கே உரியது. அக்கடமை இன்னும் நிறைவேறவில்லை.

நான்காம் கண்ணி: காரணம்

இரண்டு வரைகோடுகள் ஒன்றாக ஏறுவது காரண காரியத் தொடர்பாகிவிடாது என்பதை நாம் வகுப்பில் ஓயாமல் சொல்கிறோம். 1970-களின் இறுதியிலிருந்து உயர்ந்தவை எத்தனையோ! கரீபியன் கரைகளில் சுற்றுலா விடுதிகள், கடலில் கலந்த கழிவுநீர், பிடிக்கப்பட்ட மீன், கடல்நீரின் வெப்பம் எல்லாம் உயர்ந்தன. தூசியை மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். தூசி கிழக்கிலிருந்து வருகிறது. அது முதலில் தொடுவது கிழக்கு எல்லையில் உள்ள பார்படோஸ் போன்ற தீவுகளை. தூசியே கடல் முள்ளெலிகளைக் கொன்றிருந்தால் சாவு கிழக்கே தொடங்கியிருக்க வேண்டும்; அல்லது பல இடங்களில் ஒரே சமயம் தோன்றியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 1983 ஜனவரியில் மேற்குக் கோடியில், பனாமாக் கால்வாயின் கரீபியன் வாயிலருகே முதல் சாவு காணப்பட்டது. அங்கிருந்து இடம் விட்டு இடமாக, பெரும்பாலும் கடல் நீரோட்டங்களின் வழியே பரவி, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் கரீபியன் முழுவதையும் சூழ்ந்தது. பார்படோஸின் முறை சில மாதங்கள் கழித்தே வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. இந்தத் தடம் காற்றின் தடமன்று, நீரின் தடம். கால்வாய் வாயில் என்பதால் கப்பல்கள் மீதும் ஐயம் விழுந்தது. 1983-இன் கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் 2022-இல் அதே முள்ளெலிகள் மீண்டும் கூட்டமாக மடிந்தபோது, மறு ஆண்டே காரணம் கண்டறியப்பட்டது: நீரில் வாழும் ஒரு குறுஇழை ஒற்றைச்செல் உயிரி. பாலைவன மண்ணின் பூஞ்சையன்று.

மற்றொரு சோதனை: காரணம் குறைந்தால் விளைவும் குறைய வேண்டாமா? சாகெலில் மழை ஓரளவு திரும்பியதும், 1980-களின் நடுப்பகுதிக்குப் பின்னர் அட்லாண்டிக்கைக் கடக்கும் தூசி குறையும் போக்கில் இருந்தது. பவளங்களோ மீளவில்லை. 2005-இலும் 2023-இலும் கடல் சூடேறியபோது மிகப் பெரிய வெளிறல்கள் நேர்ந்தன. அங்கே வெப்பமானி நேரடியாகச் சாட்சி சொல்கிறது.

ஆக, நான்கு கண்ணிகளில் இரண்டு உறுதி, மூன்றாவது தளர்ச்சி, நான்காவது கடல் முள்ளெலியைப் பொறுத்தவரை ஏறத்தாழ அறுந்தே போயிற்று. சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே.

இதனால் யாருக்கு என்ன நட்டம்?

"எந்தக் காரணமானால் என்ன, பவளம் செத்துவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். காரணத்தைப் பொறுத்தே மருந்து. 1970 முதல் 2012 வரையிலான கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு பேரறிக்கை, கரீபியன் பாறைகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சராசரியாக 35 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டுகிறது. பாசி மேயும் கிளிமீன்களைக் காத்த இடங்களில் பவளம் ஒப்பளவில் நன்றாக இருக்கிறது என்றும் அது சொல்கிறது. அதாவது, மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது, கழிவுநீரைத் தூய்மையாக்குவது என்று உள்ளூரிலேயே செய்யக்கூடிய பணிகள் உள்ளன. பழி சகாராவின் மேல் விழுந்துவிட்டால், இப்பணிகளைச் செய்யவேண்டியவர் கை கழுவிக்கொள்ளலாம். வறட்சியில் வாடிய சாகெல் மேய்ப்பர்களோ, தாம் பார்த்தே அறியாத ஒரு கடலின் அழிவுக்குக் குற்றவாளிகள் ஆகிவிடுவர்.

தூசிக்கும் நோய்க்கும் உள்ள உறவைச் சரியாகப் பிரித்துப் பார்த்ததால் வந்த நன்மைக்கு அதே சாகெல் எடுத்துக்காட்டு தருகிறது. செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் பகுதியை 'மூளை உறைக் காய்ச்சல் வளையம்' என்பர். தூசி நிறைந்த வறண்ட மாதங்களில் அங்கு நோய் எழும்; மழை வந்ததும் அடங்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தூசியே கிருமியைச் சுமந்து வருவதாகத் தோன்றும். ஆனால் அக்கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கு, தும்மல் இருமல் துளிகளால் பரவுவது. வறண்ட காற்றும் தூசியும் மூக்கு, தொண்டையின் மென்படலத்தைப் புண்ணாக்கி, கிருமி உட்புக வழி திறப்பதாகக் கருதுகின்றனர். அங்கே தூசி வாகனமன்று. வாயிற்கதவைப் பழுதாக்கும் கை. பாலைவனக் காற்றை எவராலும் நிறுத்த முடியாது. மனிதர்க்குத் தடுப்பூசி போட முடியும். 1996-97 கொள்ளைநோயில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். 2010 இறுதியில், நம் புனே நகரின் சீரம் நிறுவனத்தில் உற்பத்தியான தடுப்பூசி அங்கு வழங்கப்படத் தொடங்கியது. 30 கோடிக்கு மேற்பட்டோருக்கு அது போடப்பட்டது. வேறு வகைக் கிருமிகள் எஞ்சியுள்ளபோதிலும், பெருங்கொள்ளைகளுக்குக் காரணமான 'ஏ' வகை ஏறத்தாழ மறைந்தது. தூசி அன்றுபோல் இன்றும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது!

முடிவாக

ஷின் குழுவினரைக் குறைகூறுவது என் கருத்தன்று. அவர்கள் சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வியைக் கேட்டனர். தூசியோடு வரும் உயிர்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி அந்தக் கேள்வியின் பயனே. தவறிய கருதுகோளும் பயனுள்ளதாகலாம். சோதிக்கப்படாத கருதுகோளே பயனற்றது. என் முறையீடு அதனை நமக்கு மறு ஒலிபரப்புச் செய்பவர்களைப் பற்றியது. வானில் பறக்கும் செந்தூசியும் கடலடியில் சாகும் பவளமும் அழகான கதைக்கு ஏற்றவை. கதை அழகாயிருக்கும்போதுதான் நாம் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளட்டும். வர முடியுமா? வந்ததா? அங்கிருந்துதான் வந்ததா? வந்ததால்தான் நேர்ந்ததா? முதல் கேள்விக்குக் கிடைத்த 'ஆம்' என்ற விடையை நான்காவதற்கும் எழுதிவிட்டால், தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது. அறிவியலிலும் கிடையாது.